ஹைலக்ஸ் பின் அக்சிலுக்கு லொக்கர்: அரைநாள் வேலை எண்டு சொன்னது நான்தான்

6.11.2022, முல்லைத்தீவுப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது:

"அண்ணை, என்னட்ட எல்என்106 டபுள் கெப். நாலு சில்லும் இழுக்கும் எண்டு நம்பி வயலுக்க இறக்கினன். முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, மூலைக்கு மூலை சும்மா சுத்துது. மற்ற ரெண்டும் அசையவே இல்லை. ஒரு சில்லு வழுக்கினா இஞ்சின்ர சக்தி முழுக்க அதுக்குத்தான் போகுமாம், உண்மையே? பின்னுக்கு ரெண்டு சில்லையும் ஒண்டாப் பூட்டிற லொக்கர் போட்டாச் சரிவருமே? இங்க கராஜில, சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிச்சு விடுற டிபரன்சலை வெல்ட் பண்ணினாக் காணும் எண்டினம். லொக்கர் எண்டா செற்றிங் மாறிப் போகும், கொழும்புக்குத்தான் கொண்டு போகவேணும் எண்டும் சொல்லினம்."

6.11.2022, இரவு

கொழும்புக்கு ஒண்டும் கொண்டு போகத் தேவையில்லை. என்னட்டயும் அதே வண்டிதான், 3எல் எண்ட வகை டீசல் இஞ்சின். பின் டிபரன்சல் முன்பக்கத்தால முழுசா ஒரே துண்டாக் கழண்டு வரும், பத்து நட். மேசையில வைச்சு உள்ளுக்கு இருக்கிற சின்னப் பல்லுகளை எடுத்திட்டு லொக்கரைப் பூட்டினாச் சரி. கிறவுண் (பெரிய வளையப் பல்லு), பினியன் (அதைச் சுத்திற தண்டின்ர பல்லு) ரெண்டும் பொருந்திற செற்றிங்கைத் தொடவே தேவையில்லை. அரைநாள் வேலை.

சக்தி முழுக்க வழுக்கிற சில்லுக்குப் போகுது எண்டது எல்லாரும் சொல்லுற கதை, ஆனால் பிழை. ஒரு நீட்டுத் தடியின்ர நடுவில கையை வைச்சுத் தள்ளுறாய் எண்டு வை. ஒரு நுனி சுவரில முட்டிக்கொண்டு நிக்குது, மற்ற நுனி வைக்கல் போரில. வைக்கல் எவ்வளவு எதிர்த்து நிக்குதோ அவ்வளவு தள்ளுதான் சுவருக்கும் போகும். நீ எவ்வளவு முக்கினாலும் வைக்கல் பக்கம் உள்ளுக்குப் போகுமே தவிர சுவருக்குக் கூடப் போகாது. டிபரன்சலுக்குள்ள இருக்கிற சின்னப் பினியன் பல்லுத்தான் அந்தத் தடி. ரெண்டு சில்லுக்கும் எப்பவும் ஒரே அளவு முறுக்கு. சேத்துக்க நிக்கிற சில்லு கொஞ்சத்தோட வழுக்கிப்போகும், அந்தக் கொஞ்சம்தான் காய்ஞ்ச தரையில நிக்கிற சில்லுக்கும் கிடைக்கும். உன்ர வண்டி முன்னுக்கும் பின்னுக்கும் அப்பிடி ஒவ்வொரு சில்லை இழந்து நிண்டிருக்கு. நாலு சில்லு வண்டி எண்டு பேர், பிடி இல்லாத ரெண்டு சில்லு சொல்லுறதைத்தான் மற்ற ரெண்டும் கேட்கும்.

7.11.2022

லொக்கருக்குக் காசு கட்ட முதல் இதைச் செய்து பார். பின்சில்லு ஒண்டு சுத்தத் தொடங்கின உடன ஹான்ட் பிறேக்கைக் கொஞ்சமா, ரெண்டு மூண்டு பல்லு மட்டும் இழுத்துப்பிடிச்சு மெதுவாக் கால் கொடு. சும்மா சுத்துற சில்லுக்கு ஒரு எதிர்ப்பு வரும், அந்த அளவு முறுக்கு மற்றதுக்கும் போகும். ஆனால் ஹான்ட் பிறேக் மற்றச் சில்லையும் பிடிக்கிறபடியா அதில பெரும்பகுதியை அந்தப் பிறேக்கே தின்னும், கொஞ்சம்தான் உதவும். ரக்ரர் ஓடின ஆக்களுக்கு இது புதுசில்லை, இடம் வலம் எண்டு தனித்தனி பிறேக் மிதி இருக்கிறதே இதுக்கும் சேர்த்துத்தானே. அதில சுத்துற சில்லை மட்டும் பிடிக்கலாம்.

எங்கட ஹைலக்ஸுகளில பின் பிறேக் தட்டில இருக்கிற கிறாங் (ஹான்ட் பிறேக் கேபிள் இழுக்கிற குட்டி நெம்பு) பாதிப்பேருக்கு இறுகித்தான் கிடக்கும். ஹான்ட் பிறேக் ஒருபக்கம்தான் பிடிக்கும். முதல் அதைக் கழட்டிக் கிறீஸ் பூசு.

9.11.2022

வெல்டிங் பற்றித் தனியாச் சொல்லவேணும், ரெண்டு பேர் அதையே திருப்பித் திருப்பி எழுதுறியள்.

செய்யலாம். வயலுக்குள்ளயே பிறந்து வயலுக்குள்ளயே சாகிற வண்டிக்கு. றோட்டில ஓடுற வண்டிக்கு வேண்டாம். வளைவில வெளிச்சில்லு கூடத்தூரம் ஓடவேணும், உட்சில்லு குறையத்தூரம். வெல்ட் பண்ணினா ரெண்டும் ஒரே சுத்து, அப்ப ஏதோ ஒண்டு றோட்டில தேஞ்சுதான் ஆகவேணும். தார் றோட்டில ரயர் போகும், ரயர் இடம் கொடுக்காட்டி அக்சில் முறுகும். அதைவிட மோசம், அந்தப் பல்லுகள் மேல்தோல் இறுக்கின உருக்கு. சும்மா வெல்டிங் குச்சியால ஒட்டினா வெல்டுக்குப் பக்கத்தில வெடிக்கும். வெடிச்ச துண்டு எங்க போகும்? நேர கிறவுணுக்கும் பினியனுக்கும் நடுவில.

எங்கட ஊரில ஒரு பழைய ஜீப் இப்பிடி வெல்ட் பண்ணி ஓடினது. சந்தியில திரும்பேக்க பின்ரயர் கத்துற சத்தத்தில ஆர் வாறது எண்டு வீட்டுக்குள்ள இருந்தே சொல்லலாம். மூண்டாவது மாரியில வலதுபக்க அக்சில் போனது.

மசி பெர்குசன் 240 இல வலது குதிக்கால் பக்கம் ஒரு மிதி இருக்குமே, அதுதான் டிபரன்சல் லொக். மிதிச்சா ரெண்டு சில்லும் ஒண்டு, விட்டா விடுபடும். நல்ல லொக்கர் எண்டா அந்த மிதி செய்யிற வேலையைத்தான் செய்யும். எங்கட அப்பாக்கள் நாற்பது வருசமாக் குதிக்காலால மிதிச்ச சாமானை நாங்கள் இப்ப புதுசாக் கண்டுபிடிக்கிறம்.

20.11.2022

என்ன வகை எண்டு கேட்டவைக்கு. நான் பார்த்தது மூண்டு வழி.

ஒண்டு, காத்தால பூட்டிறது. அவுஸ்திரேலியாவின்ர ஏஆர்பி எயார் லொக்கர் மாதிரி. சுவிச்சை அமத்தினாப் பூட்டும், விட்டா சாதாரண டிபரன்சல். மனசுக்குப் பிடிச்சது அதுதான். ஆனால் டிபரன்சல் கூடு முழுக்க மாறும், கொம்பிறசர் வேணும், காத்துக் குழாய்க்கு டிபரன்சல் உடம்பில ஓட்டை போட்டு மரை வெட்டவேணும். விலையும் என்ர கையுக்கு எட்டாது.

ரெண்டு, ரொயோட்டாவே போட்டு விட்ட மின்சார லொக்கர், ஹைலக்ஸ் சேர்வ் வண்டியளில வாறது. ஜப்பானில இருந்து வெட்டிக் கொண்டு வந்த சாமானாக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையளில சிலநேரம் கிடைக்கும். ஒரு கடைக்காரர் "அப்பிடியே பூட்டலாம் தம்பி" எண்டார். பூட்டேலாது. அதின்ர முகம் வேறை, எங்கட அக்சில் கூட்டைக் கிறைண்டரால தேய்ச்சு இடம் விட்டு, போல்ட் ஓட்டையும் புதுசாப் போடவேணும். அதோட அந்தக் குட்டி மோட்டர் தண்ணி பட்டுத் துருப்பிடிச்சு இறுகிற சாமான். நாங்கள் வாய்க்காலுக்க இறங்கிற ஆக்கள்.

மூண்டு, பழைய கூட்டுக்குள்ளயே பூட்டிற தானியங்கி லொக்கர். அமெரிக்காக்காரர் இதை "லஞ்ச் பொக்ஸ்" லொக்கர் எண்டு கூப்பிடுறவை. சாப்பாட்டுப் பெட்டி அளவு பெட்டியில வரும், அவ்வளவுதான் சாமான். சின்னப் பல்லு நாலையும் எடுத்திட்டு, வாள் பல்லு வெட்டின ரெண்டு பாதியும் அக்சில் நுழையிற ரெண்டு தட்டும் வைக்கிறது. கால் கொடுத்தாக் குறுக்குத்தண்டு (சின்னப் பினியன் பல்லுகளைக் கோத்திருந்த தண்டு) ரெண்டு பாதியையும் வெளிப்பக்கம் நெரிச்சுப் பூட்டும். வளைவில வெளிச்சில்லு கூடச் சுத்தினா அந்தப் பக்கப் பல்லு தாண்டித் தாண்டி விடும், டிக் டிக் எண்டு கேட்கும். சுவிச் இல்லை, வயர் இல்லை, குழாய் இல்லை. தானே பூட்டும், தானே விடும்.

மூண்டாவதைத்தான் சொல்லி விட்டிருக்கிறன். மெல்பேர்ணில இருக்கிற மருமகன் நத்தார் லீவுக்கு வரேக்க பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு வாறான். அவன்ர அம்மா பால்மாவும் சொக்கிளேற்றும் வைக்க இடம் காணாது எண்டு புறுபுறுப்பு.

2.1.2023

சாமான் வந்திட்டுது. உள்ளங்கையில வைச்சுப் பார்த்தாக் கடிகாரச் சாமான் மாதிரி, ஆனால் பாரம். மழை விடட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை, உள்ளுக்கு ரெண்டு சின்னப் பினியன் பல்லு இருக்கிற கூட்டுக்குத்தான். சில ஹைலக்ஸில நாலு பினியன் இருக்கும், அதுக்கு நான் வாங்கின செற் சரிவராது. வெளியில நிண்டு பார்த்துச் சொல்லேலாது, திறந்தாத்தான் தெரியும். நான் திறக்காமலே வாங்கினன். புத்தியில்லை எண்டு மனுசி சொல்லிப்போட்டா, நீங்கள் சொல்லத் தேவையில்லை.

21.1.2023, சனி, இரவு பதினொரு மணி

பூட்டியாச்சு. ஆனால் முதல் நாள் எழுதினதில ரெண்டு பிழை இருக்கு.

முதலாவது பிழை, அரைநாள் எண்டது. விடிய ஆறரைக்குத் தொடங்கி இப்பதான் குளிச்சிட்டு வந்து இருக்கிறன்.

ரெண்டாவது, செற்றிங்கைத் தொடத் தேவையில்லை எண்டது. அப்பிடித்தான் நானும் நம்பினனான். குறுக்குத்தண்டை வெளிய தட்டி எடுக்கவேணும், ஆனால் எங்கட கூட்டில கிறவுண் பல்லு அதை மறிச்சுக்கொண்டு நிக்குது. அப்ப கிறவுணைக் கழட்டவேணும். கிறவுணைக் கழட்ட கூட்டை வெளிய எடுக்கவேணும். கூட்டை எடுக்க ரெண்டு பக்கப் பெயறிங் மூடியையும், வளையம் மாதிரி இருக்கிற அஜஸ்ரரையும் கழட்டவேணும். அந்த அஜஸ்ரர்தான் செற்றிங். கராஜ்காரர் சொன்னதில பாதி சரி, மன்னிக்கவேணும்.

நடந்ததை ஒழுங்காச் சொல்லுறன். பின்பக்கத்தை ஜக் அடிச்சு ஸ்ராண்டில இருத்தி, ஒயிலை வடிச்சு, டிறம் ரெண்டும் கழட்டி, பிறேக் பைப், ஹான்ட் பிறேக் கேபிள், பிறேக் தட்டுக்குப் பின்னால இருக்கிற நாலு நட். அக்சிலைத் தட்டோடயே ஒரு சாண் வெளிய இழுத்தாக் காணும். ஒயில் வடிக்கிற நட்டின்ர காந்தத்தில பிடிச்சிருந்த இரும்புப்பசை தடிப்பா இருந்தது, ஆனால் துண்டு துகள் ஒண்டும் இல்லை, நல்லது. இஞ்சின் பக்கத்தில இருந்து பின்னுக்கு வாற கார்டன் சாப்ற்றை விடுவிச்சு, பத்து நட்டையும் எடுத்து, நானும் மச்சானும் ரெண்டு பக்கம் படுத்து டிபரன்சலை நெஞ்சில வாங்கி இறக்கினம். அவர் நெஞ்சில கூட விழுந்தது எண்டு இப்பவும் சொல்லுறார்.

பல்லு எண்ணினன். கிறவுணில 41, பினியனில 9. உள்ளுக்கு இருக்கிற சின்னப் பினியன் பல்லு ரெண்டு. சாமிக்குத் தேங்காய்.

இனி இதை வடிவாக் கேளுங்கோ. பெயறிங் மூடி ரெண்டும் இடம் மாறக்கூடாது, ஒவ்வொண்டும் அந்தந்தப் பக்கத்தோட சேர்த்துக் கடைஞ்சது. அதுக்குப் பொஞ்சால புள்ளி குத்தினன், இடதுக்கு ஒண்டு, வலதுக்கு ரெண்டு. அஜஸ்ரர் எந்தப் பள்ளத்தில நிண்டது எண்டதுக்கு மட்டும் சோக்கால கோடு போட்டன். பொஞ் கையில இருக்குது, சுத்தியல் கையில இருக்குது, சோக்கை எடுத்தன். பேந்து எல்லாத்தையும் டீசலில கழுவினம்.

கோடு போச்சு.

ரெண்டு பேரும் தாச்சியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதைக்கவே இல்லை. மச்சான் "இவ்வளவு தூரம்தான் நிண்டது" எண்டு விரலால காட்டினார். நானும் தலையாட்டினன். அந்த விரல் அளவிலதான் பூட்டியிருக்கு.

லொக்கர் உள்ள போறது சுகம். பாதி ரெண்டையும் வைச்சு நடு இடைவெளியை அளக்கச் சொல்லிப் புத்தகம் சொல்லுது, அங்குலத்தில 0.145 இல இருந்து 0.170. எங்கட கணக்கில 3.7 இல இருந்து 4.3 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் டிறில் பிற்றின்ர வாலை விட்டுப் பார்த்தன், அளந்து வெட்டின மாதிரிப் போனது. குட்டி ஸ்பிறிங்குகளை ஊசித் திருப்புளியால நெரிச்சு விடுறதுதான் வில்லங்கம். ஒண்டு பறந்தது. கோழி கொத்தப் போக, மகள் கோழியைக் கலைச்சு எடுத்துத் தந்தவள்.

கிறவுணைத் திரும்பக் கூட்டில ஏத்தச் சுத்தியலால அடிக்கக்கூடாது. கொதிதண்ணியில போட்டுச் சூடாக்கினா விரிஞ்சு தானே இருக்கும், ரொயோட்டாவின்ர புத்தகமே அப்பிடித்தான் சொல்லுது. போன கிழமை பொங்கின பானைதான் அளவாக் கிடந்தது. அதைப்பற்றி இதுக்கு மேல எழுதேல்லை, வீட்டில இந்தப் பக்கத்தை வாசிப்பினம். கிறவுண் போல்டுகள் 97 நியூற்றன் மீற்றர், பூட்டுத் தகட்டை மடிச்சு விட மறக்கவேண்டாம்.

22.1.2023

நேற்று எழுதின விரல் அளவுக்கு இண்டைக்கு விடை கிடைச்சுது. பரந்தன் வரைக்கும் ஓடிப்பார்த்தன். ஐம்பதுக்கு மேல கால் கொடுத்தா ஊளை. காலை எடுத்தா நிக்குது. திரும்பக் கொடுத்தாத் திரும்ப ஊளை. லொக்கர் சத்தமில்லை, அது டிக் டிக். இது கிறவுணும் பினியனும் அழுகிற சத்தம்.

28.1.2023

திரும்பக் கழட்டினன். இந்தமுறை சி.ரீ.பி. (அரசாங்க பஸ்) டிப்போவில இருந்து இளைப்பாறின ஐயா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தன். நுணுக்கமான ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் அவற்றது, பழைய சிகரெற் ரின்னுக்குள்ள பழந்துணி சுத்தி வைச்சிருக்கிறார்.

கிறவுண் பல்லில கேஜை நிப்பாட்டி, பினியனை அசையாமல் பிடிச்சு, கிறவுணை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பார்த்தா 0.30 மில்லிமீற்றர் ஆட்டம். இருக்கவேண்டியது 0.13 இல இருந்து 0.18. ஐயா என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், "ஆற்ற விரல்?" எண்டு மட்டும் கேட்டார்.

சரிக்கட்டிறது கஷ்டமில்லை, பொறுமைதான் வேணும். ஒருபக்க அஜஸ்ரரை ஒரு பள்ளம் இளக்கினா மற்றப்பக்கத்தை அதே ஒரு பள்ளம் இறுக்கவேணும். அப்பதான் பெயறிங் இறுக்கம் மாறாமல் கிறவுண் மட்டும் பினியனுக்குக் கிட்டப் போகும். ஒவ்வொருக்காலும் கிறவுணைச் சுத்தி நாலு இடத்தில அளக்கவேணும். 0.15 இல நிப்பாட்டினம்.

பல்லு எப்பிடிப் படுகுது எண்டு பார்க்க நிறம் பூசவேணும். அதுக்கெண்டு வாற பசை எங்களிட்ட இல்லை. ஐயா "குங்குமம் இருக்கே?" எண்டார். குங்குமத்தைக் கிறீஸில குழைச்சு நாலு பல்லுக்குப் பூசி, கிறவுணைக் கையால மறிச்சுக்கொண்டு பினியனைச் சுத்தினம். தடம் பல்லின்ர நடுவில, ரெண்டு பக்கமும் கரை விட்டு, வெத்திலை நடுநரம்பு மாதிரி நீட்டா விழுந்தது. அதுதான் வேணும். பினியனை நாங்கள் தொடாதபடியா அந்த ஆழம் கொம்பனி வைச்ச மாதிரியே இருக்கு. பேந்து ஒரு துளி குங்குமம் மிஞ்சாமல் துடைக்கச்சொல்லி என்னை ரெண்டுதரம் திருப்பி விட்டவர்.

இந்தமுறை அஜஸ்ரரிலயும் பொஞ்சால குத்தியாச்சு. ஜிஎல்-5, 80டபிள்யூ-90 ஒயில் ரெண்டு லீட்டருக்குக் கொஞ்சம் கூடப் போனது.

இறக்க முதல் சோதிக்கிற விதம்: ரெண்டு சில்லும் நிலத்தில படாமல் வைச்சு, கியரில விட்டு, ஆளுக்கொரு சில்லை முன்பக்கமாச் சுத்தி நெரிச்சுப் பிடிக்கவேணும். இனிப் போகாது எண்டு நிக்கும். ஒருத்தர் அப்பிடியே பிடிச்சிருக்க மற்றவர் தன்ர சில்லைப் பின்னுக்குச் சுத்தினா டிக், டிக், டிக் எண்டு விடும். பக்கம் மாத்தியும் பார். ரெண்டு பக்கமும் விட்டது. ஊளை இல்லை.

ஐயாவுக்குக் காசு கொடுக்க வாங்கேல்லை. குங்குமச் சிமிழைத்தான் கொண்டு போனார், இனி வீட்டில நெத்திக்கு வைக்கேலாதாம்.

30.1.2023

வயலுக்க இறக்கினன். போன மாரியில ரக்ரர் கட்டி இழுத்த அதே வாய்க்கால் கரை. பின் ரெண்டு சில்லு மட்டும் இழுக்க, முன் ஹப்பைப் பூட்டாமலே ஏறிப்போட்டுது. ஒருபக்கம் காத்தில, மற்றப்பக்கம் தள்ளுது. மச்சான் கரையில நிண்டு சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு கைதட்டினார்.

முல்லைத்தீவுத் தம்பி, ஓம், சரிவரும்.

3.2.2023

தம்பி, ஓமெண்டதுக்கு ஒரு வால் இருக்கு.

ரெண்டு நாளா மழை. மாங்குளத்தில இருந்து வெறும் வண்டியா வாறன், பின்னுக்கு ஒரு சாக்குக்கூட இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில எல்லாரையும் போல நிப்பாட்டத் திருப்பினன். திருப்பத்தில கொஞ்சம் கால் கொடுத்தன், அவ்வளவுதான். பழைய டிபரன்சலா இருந்தா உட்சில்லு ஒருக்காக் கிறுகிறுத்து விட்டிருக்கும். இது ரெண்டு சில்லையும் ஒண்டாப் பூட்டிப்போட்டுது. ரெண்டும் ஒண்டா வழுக்கினாப் பின்பக்கத்தைப் பிடிக்க ஒண்டும் மிச்சமில்லை. வால் சுத்திக்கொண்டு வந்தது. பயத்தில காலை முழுக்க எடுத்தன், அது இன்னும் பிழை. பூட்டு விடுபட்டு மற்றப்பக்கம் மாறேக்க அடியில டமார் எண்டு ஒரு அடி, வண்டி ஒருக்கா உதறினது. கச்சான் கடைக்கு இன்னும் ஒரு வண்டி நீளம்தான் இருந்தது. அம்மா ஒருத்தி கச்சான் சுளகைத் தூக்கிக்கொண்டு எழும்பிட்டா.

தேங்காய் உடைச்சன். கச்சானும் ரெண்டு பை வாங்கினன், அவ கணக்காத்தான் காசு வாங்கினவ.

இது சாமானின்ர பிழையில்லை, அது செய்யிறதாச் சொன்னதைத்தான் செய்தது. சேத்தில வண்டியைக் காப்பாத்தின அதே குணம்தான் ஈரத் தார் றோட்டில அப்பிடித் திருப்பினது. இப்ப மழையில வளைவுக்கு முதலே வேகம் குறைச்சு, வளைவுக்குள்ள காலை ஒரே அளவில வைச்சிருக்கிறன். கொடுக்கிறதுமில்லை, சட்டெண்டு எடுக்கிறதுமில்லை. பின்னுக்கு ரெண்டு மண்மூட்டையும் கிடக்கு.

19.3.2023

நேர் றோட்டிலயும் டிக் டிக் எண்டு சிலர் எழுதியிருந்தியள். எனக்கும் வந்தது. ஸ்பிறிங் உடைஞ்சு போச்சு எண்டு நினைச்சு ஒரு கிழமை நித்திரையில்லை.

ரயர். இடது பின்ரயர் வெடிச்சு புதுசு ஒண்டு போட்டனான், வலது பாதி தேஞ்சது. புது ரயர் சுத்தளவு பெரிசு, அதே தூரத்துக்கு மெதுவாச் சுத்தும். தேஞ்சது கெதியாச் சுத்தும். லொக்கருக்கு அது எப்பவும் வளைவு ஓடுற மாதிரித்தான், கெதியாச் சுத்திற பக்கத்தை விட்டு விட்டு மெதுவான பக்கத்துக்கே முழு இழுவையையும் கொடுக்கும். அதுதான் ஸ்ரேறிங்கும் வலதுபக்கம் இழுத்திருக்கு. பழசை முன்னுக்கு மாத்தி, பின்னுக்கு ரெண்டும் ஒரே மாதிரி புதுசாப் போட்டு, காத்தும் ஒரே அளவு. சத்தம் போச்சு.

17.12.2023

ஒயில் பால்தேத்தண்ணி.

லொக்கருக்கும் இதுக்கும் நேரச் சம்பந்தமில்லை, ஆனால் லொக்கர் இருக்குது எண்ட துணிவிலதான் குளம் வான் பாயிற இடத்தால இறங்கினன். முதல் எண்டாச் சுத்திப் போயிருப்பன். ஓடிச் சூடான அக்சில் குளிர் தண்ணிக்க இறங்கினா உள்ள இருக்கிற காத்துச் சுருங்கும், எங்கயாவது இழுக்கும். அக்சிலுக்கு மேல மூச்சு விடுற குட்டி மூடி சேறு அடைச்சிருந்தா ஒயில் சீலால தண்ணியைத்தான் இழுக்கும். எனக்கு அதுதான் நடந்திருக்கு. மூடியைக் கழட்டி, பெற்றோல் குழாய் ஒரு முழம் பூட்டி, பொடிக்கு மேல ஏத்திக் கட்டினன். ஒயில் ரெண்டுதரம் மாத்தி ஓடினன், முதல்தரம் வடிச்சது இன்னும் கலங்கல்.

வடிக்கேக்க காந்தத்தைப் பார்த்தன். பசைதான், துகள் இல்லை. பதினொரு மாசத்துக்குப் பிறகு அது ஒரு நிம்மதி.

8.9.2024

முல்லைத்தீவுத் தம்பி பூட்டிட்டாராம், சோக் பாவிக்கேல்லையாம். இப்ப கேட்கிறார், திரும்ப வாங்கிறது எண்டா இதையே வாங்குவீங்களோ எண்டு.

ரெண்டு வருசத்துக்கு முன்னம் கேட்டிருந்தா யோசிக்காமல் ஓம் எண்டிருப்பன். இப்ப மகன் லைசென்ஸ் எடுத்திட்டான். மழையில அவன் திறப்பைக் கேட்டா நான் ஏதாவது சாட்டுச் சொல்லுறன், கிளச் சரியில்லை, லைற் எரியேல்லை. லொக்கரைப் பற்றி வடிவா விளங்கப்படுத்தினன், அவனும் தலையாட்டினான், அந்த வயசில நானும் தலையாட்டினனான். வயல் வண்டி வேறை, வீட்டு வண்டி வேறை எண்டிருந்தா இதுதான், இதைவிட எளிசான சாமான் இல்லை. ஒரே வண்டியில நெல்லும் ஏத்தி, பிள்ளையளை ரியூசனுக்கும் ஏத்திற ஆக்கள் இன்னும் ரெண்டு போகம் காசு சேர்த்துச் சுவிச் வைச்சதையே போடுங்கோ. நானும் அதுக்குத்தான் சேர்க்கிறன், மனுசிக்கு இன்னும் தெரியாது.

அதுக்கிடையில அடுத்த சனி மச்சானின்ர வண்டி. ஐயாவும் வாறார், கேஜோட. திறந்து பினியன் ரெண்டோ நாலோ எண்டு பார்த்திட்டுத்தான் சாமானுக்குக் காசு கட்டவேணும் எண்டு மச்சானுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்.

நேற்றுச் சொல்லுறார், போன மாசமே கட்டிட்டாராம்.

14.9.2024

நாலு.